ஆடுகிற சக்கரம்

ஜூன் 4, வியாழன்

அன்புள்ள சுண்டு,

இந்த அகால நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டரை. உன் அண்ணன் விடிவதற்கு முன்பே பேக்கரி அடுப்பைப் பற்றவைக்கப் போக வேண்டும் என்று எட்டரைக்கே படுத்துவிட்டார். மிளகைத் தூங்கவைத்து, பாத்திரம் கழுவி, நாளைக்கு அவள் சீருடையைத் தேய்த்து வைத்த பிறகு இப்போதுதான் கை ஓய்ந்தது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பகலெல்லாம் கண்ணாடிக் கடையில் ஊருக்குப் பார்வை சோதிக்கிறேன், ராத்திரியில் என் கண் என் பேச்சைக் கேட்பதில்லை.

நாம் பேசி ஏழு மாதம் ஆகிறது. இரண்டு தடவை போனை எடுத்து உன் எண் வரைக்கும் போய்த் திரும்பினேன். போனில் பேசினால் நாலாவது வாக்கியத்தில் நம்மில் ஒருத்தி வைத்துவிடுவோம். கடிதம் என்றால் கோபத்தில் தூக்கிப் போட்டாலும் மீதி அங்கேயேதான் கிடக்கும், அப்புறம் எடுத்துப் படித்துக்கொள்ளலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். பதின்மூன்றாம் தேதி உன் அண்ணன் மகள் மிளகுக்கு எட்டு வயது முடிகிறது. ஒரு பொருள் கேட்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காய்கறிப் பையோடு கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்துகிற இடம் வழியாக வந்துகொண்டிருந்தோம். பக்கத்துக் கட்டடத்துத் தபால்காரரின் மகள், பதினாலு வயதிருக்கும், தூண்களுக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தாள். நடக்கவில்லை, ஓடவில்லை. போனாள். அவ்வளவுதான் சொல்ல முடியும். காலுக்கடியில் ஒரு பலகை. நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கி, முன்னாலும் பின்னாலும் அகன்றிருந்தது. நாலு சக்கரம் இருக்கும் என்று குனிந்து பார்த்தேன். இரண்டே இரண்டு, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று. சைக்கிளிலாவது பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி உண்டு.

அவள் கால் தரையில் படவே இல்லை, சுண்டு. யாரும் தள்ளவில்லை. மோட்டார் கிடையாது. தரை சமதளம். இடுப்பை இப்படியும் அப்படியும் லேசாக அசைக்கிறாள், பலகை அவளைத் தூக்கிக்கொண்டு போகிறது, வேகமும் எடுக்கிறது. கணிதத்தில் பட்டம் வாங்கியவள் நான். இந்த விசை எங்கிருந்து வருகிறது என்று அங்கேயே நின்று யோசித்தேன், பிடிபடவில்லை. பையிலிருந்து வெங்காயம் உருண்டதை மிளகுதான் ஓடிப்போய்ப் பொறுக்கினாள். பொறுக்கிக்கொண்டு வந்து, "அம்மா, எனக்கு அது," என்றாள்.

அவள் ஒன்றும் கேட்கிற பிள்ளை இல்லை. கேட்டால் "விழுந்துடுவே" என்பதுதான் பதில் என்று தெரிந்து, கேட்காமலே இருக்கப் பழகிவிட்டாள். என்னையும் நீ கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஏழாம் மாதத்திலேயே பிறந்து ஐந்து வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவள். நீயும்தான் வெளியே நின்றாய். அவள் மூச்சை எண்ணிய பழக்கம் இன்னும் எனக்கு விடவில்லை.

உன் அண்ணனைக் கேட்டேன். "சக்கரம்னா என் தங்கச்சியைக் கேளு. நடுவுல என்னை இழுக்காதே," என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். கடையில் இரண்டு மூன்று வகை இருக்கிறதாம், கேஸ்டர் போர்டு என்கிறார்கள். எது வாங்குவது? இல்லை, வாங்கவே கூடாது என்று நினைத்தால் அதையும் எழுது. அத்தை வேண்டாம் என்றாள் என்று அவளிடம் சொல்லிக்கொள்கிறேன்.

பதிலை எதிர்பார்த்து,
அண்ணி


ஜூன் 9, செவ்வாய்

அண்ணி,

கடிதம் கிடைச்சுது. முதல் வரியிலேயே "மன்னித்துக்கொள்"னு பார்த்ததும் ஏழு மாசத்துச் சண்டைக்குத்தான் கேட்கறீங்கன்னு நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது அது ராத்திரியில எழுதினதுக்கு. சரி, இருக்கட்டும்.

அத்தை வேண்டாம்னாள்னு சொல்லிப்பீங்களா? நல்லா இருக்கே. அம்மா நல்லவளாவே இருக்கணும், பழி மட்டும் பார்சல்ல எனக்கு வரணும். முடியாது. வாங்குங்க. எப்படி வாங்கறதுன்னு சொல்றேன்.

ரெண்டு ரகம் இருக்கு. ஒண்ணு, முன்பலகை தனி, பின்பலகை தனி, நடுவுல ஒரு இரும்புக் குழாய், அதுக்குள்ள ஸ்பிரிங். பெரியவங்களுக்கு அது சரி. மிளகு எவ்வளவு எடை இருப்பா, இருபது கிலோ? அந்த ஸ்பிரிங் அவளை மதிக்கவே மதிக்காது. இன்னொண்ணு, மொத்தமும் ஒரே பலகையா, நடுவுல வளையற மாதிரி வார்த்தது. நீளமும் கம்மி. அதுல பாருங்க.

பெட்டியில போட்டிருக்கிற வயசை நம்பாதீங்க. ஒரே சோதனைதான். பலகையை மிளகு கையில குடுங்க. ரெண்டு முனையையும் பிடிச்சு, ஈரத்துணி பிழியற மாதிரி முறுக்கச் சொல்லுங்க. அவ கையால முறுக்க முடிஞ்சா அவ காலால ஓட்ட முடியும். கல்லு மாதிரி நின்னுதுன்னா வேற எடுங்க. நீங்க முறுக்கிப் பார்த்துட்டு வாங்கிட்டு வராதீங்க. ஓட்டப்போறது அவ.

மேல்பக்கம் சொரசொரப்பா இருக்கணும். சக்கரத்தை நகத்தால அழுத்தினா லேசா பதியணும், ரொம்பக் கெட்டியா இருந்தா சிமென்ட் தரையில வழுக்கும். ஹெல்மெட், முழங்கால் பேடு, மணிக்கட்டுக்குப் பட்டை. மணிக்கட்டை மறக்காதீங்க, விழும்போது முதல்ல கைதான் போகும். மணல், கல்லு, ஈரம் இருக்கிற இடம் ஆகாது. முதல் நாள் சுவரைப் பிடிச்சுக்கட்டும். பாதத்தைப் பார்க்க வேண்டாம்னு சொல்லுங்க. எங்க போகணுமோ அங்க பார்க்கணும்.

வேற என்ன. இங்க எல்லாம் பழையபடிதான். காலையில எட்டு மணிக்கு ஸ்பேனரை எடுத்தா, ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சர், கட்டில், மருந்து வண்டின்னு வரிசையா வந்து நிக்கும். நாள் முழுக்க ஆடற சக்கரத்தைப் பிடிச்சு இறுக்கறதுதான் பொழைப்பு. ஆடற சக்கரம் மாதிரி பொல்லாதது கிடையாது அண்ணி, அசந்த நேரத்துல ஆளைக் கவுத்துடும். நேத்து ஒரு ஸ்ட்ரெச்சர் ஆபரேஷன் அறை வாசல்ல அப்படியே பக்கவாட்டுல இழுத்துக்கிட்டுப் போச்சு, நல்லவேளை மேல ஆள் இல்லை. சக்கரம்னா ஆடாம இருக்கணும், அதுக்குத்தான் என்னை வெச்சிருக்காங்க.

கோபம் போயிடுச்சான்னு நீங்க கேட்கலை. நானும் சொல்லலை.

சுண்டு


ஜூன் 28, ஞாயிறு

அன்புள்ள சுண்டு,

வாங்கிவிட்டோம். இரண்டு வாரம் முன்பே எழுதியிருக்க வேண்டும். நல்ல செய்தியாக எழுதலாம் என்று காத்திருந்தேன், அது வருகிற வழியைக் காணோம்.

வாங்கின அன்றைக்கு உன்னை நினைத்து நினைத்துச் சிரித்தோம். கடைக்காரம்மா ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, மிளகு ஒவ்வொன்றையும் பிழிந்தாள். முகம் சிவக்க, நாக்கைக் கடித்துக்கொண்டு. கடைக்காரம்மா என்னைப் பார்த்து, "என்ன, தண்ணி வருதா?" என்று கேட்டாள். முதல் மூன்றும் அசையவில்லை. நாலாவது, பச்சை நிறம், குட்டையானது. அவள் முறுக்கினதும் மெல்லத் திரும்பியது. அவள் கையை விட்டாள், பலகை தானாகத் தன் வடிவத்துக்கு வந்தது. இரண்டாவது தடவை முறுக்கினாள். மறுபடியும் வந்தது. "அம்மா, இதுக்கு என்னைப் பிடிச்சிருக்கு," என்றாள். ஒரு பிளாஸ்டிக் பலகை ஒரு பிள்ளையின் முகத்தை அப்படி மாற்றும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அப்புறம்தான் சோதனை. வாங்கின நாளிலிருந்து தினமும் சாயங்காலம் அரை மணி நேரம், கீழே மூலைத் தூணுக்குப் பின்னால், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனாள். கூச்சம். தபால்காரர் மகள் வந்தால் பலகையைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடி வந்துவிடுவாள். நீ சொன்ன எல்லாமும் செய்தோம். சுவரைப் பிடித்தாள். பாதத்தைப் பார்க்கவில்லை. எதிரே தெரிகிற தீயணைப்புக் குழாயைப் பார்த்துக்கொண்டே ஏறுவாள், பின்காலால் உந்துவாள், ஒரு முழம்கூடப் போகாது, பலகை மரக்கட்டை மாதிரி சாய்ந்துவிடும். தினமும் அதேதான். ஹெல்மெட்டும் பட்டைகளும் இருந்ததால் அடி ஒன்றும் பெரிதாக இல்லை, இடது முட்டியில் கொஞ்சம் சிராய்ப்பு.

புதன்கிழமை மேலே வந்து பலகையைச் செருப்பு அலமாரிக்குப் பின்னால் செருகினாள். "எனக்கு இது வராதும்மா," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

உன்னிடம் மறைப்பானேன். அன்று ராத்திரி எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. ஆசை தீர்ந்தது, கை கால் முழுசாக இருக்கிறது என்று. அப்படி நினைத்ததற்கு மறுநாளெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன்.

சக்கரத்தில் குறை இருக்குமோ என்று நீ நினைக்கலாம். அதை நான் முதல் நாளே சரிசெய்துவிட்டேன். கடையிலேயே கவனித்தேன், இரண்டு சக்கரமும் பிடிப்பில்லாமல் இஷ்டத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்தன. "லூஸா இருக்கே?" என்று கேட்டதற்குக் கடைக்காரம்மா போனில் பேசிக்கொண்டே, "அது அப்படித்தான் இருக்கும்," என்றாள். விற்கிறவள் வேறெப்படிச் சொல்லுவாள்? உன் கடிதம் கைப்பையிலேயே இருந்தது. அவள் தூங்கினதும், சக்கரத்தைத் தாங்குகிற கவைக்கும் பலகைக்கும் நடுவில் துணியை மடித்துச் செருகி, கறுப்பு டேப்பை எட்டுச் சுற்று சுற்றி, இரண்டையும் நேராக நிற்கும்படி இறுக்கிவிட்டேன். கவையும் கறுப்பு என்பதால் வெளியே தெரியவே தெரியாது. இப்போது இம்மிகூட ஆடுவதில்லை. நீயே பார்த்தால் பாராட்டுவாய்.

ஆக, குறை பலகையில் இல்லை. பிள்ளைக்கு இன்னும் உடம்பில் நிதானம் வரவில்லையோ என்னவோ. ஒரு வருஷம் போகட்டுமா? எழுது.

அண்ணி


ஜூலை 2, வியாழன்

அண்ணி,

உட்கார்ந்துக்கிட்டுப் படிங்க.

உங்க கடிதத்தைப் பட்டறையில வெச்சுப் பிரிச்சேன். எட்டுச் சுற்றுங்கற இடம் வந்ததும் வாய்விட்டுச் சிரிச்சுட்டேன். அடுத்த வரியில அவ அழவில்லைங்கறது ஞாபகம் வந்துச்சு. அதுக்கப்புறம் ஸ்பேனர் ஓடலை எனக்கு.

அந்த டேப்பை அவிழுங்க. இன்னைக்கே.

தப்புல பாதி என்னுது. ஆடற சக்கரம் பொல்லாததுன்னு நான் எழுதினது ஸ்ட்ரெச்சரைப் பத்தி. பலகையைப் பத்தி எழுதும்போது சக்கரம் சுத்தணும்னு ஒரு வரி எழுதியிருக்கணும். எனக்கு அது சொல்லணும்னே தோணலை. கத்திரிக்கோலுக்கு ரெண்டு கால் இருக்கும்னு யாராவது எழுதுவாங்களா?

முழுசா சொல்றேன். கடையில சாமான் தள்ளற வண்டி இருக்கில்ல, அதோட முன்சக்கரம் நாம தள்ளற பக்கமெல்லாம் தானா திரும்பும். அதே சக்கரம்தான் இது. ஆனா அதைத் தாங்கற தண்டை நேரா வைக்காம சாய்ச்சு வெச்சிருக்கான். அந்தச் சாய்வுலதான் இருக்கு எல்லாம். கால் பலகையை ஒரு பக்கம் அழுத்தினா சக்கரம் விலகி ஓடும், விலகினது உடனே நேரா வரப் பார்க்கும், வரும்போது நம்மளை முன்னால தள்ளிட்டு வரும். மறுபக்கம் அழுத்தினா மறுபடியும் அதே. மீன் வாலை ஆட்டினா தண்ணியில எப்படிப் போகுது, அப்படி. நீங்க கேட்டீங்களே, விசை எங்கிருந்து வருதுன்னு. அந்த ஆட்டத்துலேர்ந்துதான் வருது. நிக்கறதும் அதாலதான், திரும்பறதும் அதாலதான். அதைக் கட்டிப்போட்டா ரெண்டு சக்கரத்து மேல வெச்ச ஒரு கட்டை, அவ்வளவுதான். நானே ஏறினாலும் விழுவேன். தபால்காரர் மகளும் விழுவா.

இதை வாயால சொன்னா போதாதுன்னு நேத்து ஒரு காரியம் செஞ்சேன். எலும்பு வார்டு நர்ஸோட பொண்ணு ஒண்ணு வெச்சிருக்கா, கேட்டு வாங்கிட்டு வந்து, ஷிஃப்ட் முடிஞ்சதும் ஸ்டோர் ரூம் நடைபாதையில ஏறினேன். சுவர்க் கம்பியை ஒரு கையால பிடிச்சுக்கிட்டுத்தான். லிஃப்ட் ஆபரேட்டர் எட்டிப் பார்த்துட்டு, "மேடம், ஒரு பெட் சொல்லி வைக்கவா?" னு கேட்டான். நாலு தடவை இறங்கினேன், ரெண்டு தடவை விழுந்தேன். அதுக்கப்புறம் ஒரு ஆறு அடி போனேன் அண்ணி. கையை எப்ப விட்டேன்னு தெரியலை. பாதத்துக்கு அடியில ஏதோ உயிருள்ளது நெளியற மாதிரி இருந்துச்சு. பத்து வருஷமா ஆடற சக்கரத்தை நிறுத்தத்தான் சம்பளம் வாங்கறேன். ஆடறதுனாலயே நிக்கற சக்கரத்து மேல நேத்துதான் நின்னேன். பேண்ட்ல தூசியைத் தட்டிட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன்.

இப்ப ஒண்ணு சொல்லணும், கோபப்படாதீங்க. அவிழ்த்தா மட்டும் போதாது. நீங்கதான் கட்டினீங்கன்னு அவகிட்ட சொல்லணும். அவ தன்னால முடியலைன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. சத்தமில்லாம ராத்திரியோட ராத்திரியா அவிழ்த்து வெச்சுட்டு, "இப்ப ட்ரை பண்ணும்மா"ன்னு நிக்காதீங்க. உங்களை எனக்குத் தெரியும்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், ஏழு மாசமா தொண்டையில நிக்குது. அன்னைக்குப் பூங்காவுல அத்தனை பேர் முன்னாடி "உனக்குன்னு ஒண்ணு இருந்தா தெரியும்"னீங்க. மிளகு ஏணியில மூணாவது படியில நின்னா. நான் கீழே ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நின்னேன். அவளைப் பார்த்தீங்க, என் கையைப் பார்க்கலை. மறுநாள் காலையில நான் ரயில் ஏறினது அதுக்குத்தான். இனிமே இதைப் பத்தி எழுத மாட்டேன்.

சுண்டு


ஜூலை 12, ஞாயிறு

அன்புள்ள சுண்டு,

நீ செய்யாதே என்று எழுதினதைத்தான் முதலில் செய்தேன். போன வாரம், நாலாம் தேதி சனிக்கிழமை உன் கடிதம் வந்தது. அன்று இரவே, கண்ணாடி மாட்டுகிற சின்ன ஸ்க்ரூ டிரைவரால் டேப்பைக் கிளப்பி, துணியை உருவினேன். கடைசிச் சுற்று போனதும் சக்கரம் என் உள்ளங்கையில் ஒரு துள்ளுத் துள்ளித் திரும்பியது. கட்டி வைத்த கோழிக்குஞ்சை அவிழ்த்துவிட்ட மாதிரி. பயந்து கையை எடுத்துவிட்டேன். பிறகு கதவுக்குப் பக்கத்தில், அவள் கண்ணில் படுகிற இடத்தில் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டுப் படுத்தேன்.

நாலு நாள் அவள் அதைத் தாண்டித் தாண்டிப் பள்ளிக்கூடம் போனாள். "இப்போ ஓட்டிப் பாரேன்," என்று நானும் சொன்னேன். நீ எழுதின அதே வார்த்தை. "வேண்டாம்மா," என்றாள்.

வியாழக்கிழமை எதிர்வீட்டு அம்மா பலகையைப் பார்த்துவிட்டு, "என்னடி, ஓட்டறியா?" என்று கேட்டாள். நான் உள்ளே ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். மிளகு சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. "எனக்கு அதெல்லாம் வராது ஆன்ட்டி. நான் சீக்கிரமே பிறந்துட்டேன்ல, அதனால."

சுண்டு, அந்தக் கதையை அவளுக்கு யார் சொன்னது? நான்தான். எத்தனை நூறு தடவை. ஓடாதே, ஏறாதே, குதிக்காதே என்று சொல்லும்போதெல்லாம் அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். அவள் அதைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டு, இந்த ஒரு மாதத்தில் ஒரு காரணமாக ஆக்கிவிட்டாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனேன். எதிர்வீட்டு அம்மா போகிற வரை பொறுக்கவும் முடியவில்லை.

"மிளகு, அந்தச் சக்கரத்தை அம்மா கட்டி வெச்சிருந்தேன்," என்றேன்.

"எந்தச் சக்கரம்?"

"பலகைச் சக்கரம். ரெண்டையும். டேப் போட்டு."

"எப்போ?"

"வாங்கின அன்னிக்கே. நீ தூங்கினதும்."

"எதுக்கு?"

"ஆடுச்சு. நீ விழுந்துடக் கூடாதுன்னு. அது ஆடினாத்தான் ஓடும்னு எனக்குத் தெரியாது. அத்தை எழுதினதும்தான் தெரிஞ்சுது."

அவள் பலகையைத் தலைகீழாகத் திருப்பினாள். விரலால் சக்கரத்தைத் தொட்டாள், அது சுழன்றது. இன்னொன்றையும் தொட்டாள். டேப்பின் பசை இன்னும் கவையில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதை நகத்தால் சுரண்டினாள்.

"நான் நாப்பத்தொரு தடவை விழுந்தேன்," என்றாள்.

எண்ணியிருக்கிறாள். நான் அவள் மூச்சை எண்ணின மாதிரி.

"அப்போ அது நான் இல்லையா?"

"நீ இல்லைடா. நான்."

எதிர்வீட்டு அம்மா, "அடுப்புல பால் வெச்சுட்டு வந்தேன்," என்று நழுவிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க மிளகு என்னோடு பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில், "அப்பா, அம்மாகிட்ட தண்ணி எடுத்துத் தரச் சொல்லுங்க," என்றாள். உன் அண்ணன் என் பக்கம் திரும்பி, "தண்ணி கேக்கறாங்க," என்றார். நான் கொடுத்தேன். "வந்துடுச்சு," என்று அவளிடம் சொன்னார். அவருக்கு அதிகாலையிலிருந்து ரொட்டி சுட்ட களைப்பு, அதற்கு நடுவில் இந்தத் தூது வேலை. படுக்கும்போது, "உன் நாத்தனார் சின்னதுல இப்படித்தான். ஒரு நாள்தான் தாங்கும்," என்றார். உண்மையா? நீ ஏழு மாதம் தாங்கினாய்.

நேற்று, சனிக்கிழமை சாயங்காலம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். பட்டை கட்டிவிட முட்டியை நீட்டினாள். கட்டிவிட்டேன். "நீயும் வா. ஆனா தூணுக்குப் பக்கத்துலதான் நிக்கணும். கையைப் பின்னால கட்டிக்கணும்," என்றாள்.

கட்டிக்கொண்டேன். இப்படிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் பிள்ளையைப் பார்த்ததே இல்லை, சுண்டு. கை சும்மா இருந்தால் கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறது.

முதல் தடவை ஏறினதும் பலகை அவளுக்கடியில் நழுவியது. விழுந்தாள். எழுந்து பலகையையே உற்றுப் பார்த்தாள். "இது வேற மாதிரி விழுது," என்றாள். கட்டி வைத்திருந்தபோது செத்த மாதிரி சாயுமாம், இப்போது குதிரைக்குட்டி மாதிரி உதறுகிறதாம். அடுத்த ஏழெட்டு தடவையும் விழுந்தாள். ஒவ்வொரு தடவையும் பின்னால் என் விரல்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டன.

பிறகு ஒரு தடவை உந்தினாள், இரண்டாவது காலையும் மேலே வைத்தாள், விழவில்லை. ஒரு நொடி அப்படியே நின்றாற்போல் இருந்தது. அவள் இடுப்பு ஒரு பக்கம் திரும்பியது. பலகை மறுபக்கம் நெளிந்தது. அவள் முகத்தில் ஒரு குழப்பம், யாரோ காதில் ஏதோ சொன்ன மாதிரி. மறுபடியும் இடுப்பு திரும்பியது. அவள் போனாள்.

யாரும் தொடாமல் போனாள். கால் தரையில் படாமல் போனாள். முதல் தூண், இரண்டாவது தூண், வெள்ளை வேன், அதற்கப்பால் சாயங்கால வெளிச்சம் சாய்வாக விழுந்திருந்த இடம். அந்த வெளிச்சத்துக்குள் போய் அந்தப் பக்கம் வெளியே வந்தாள். இருபது கிலோ எடையை இரண்டு சின்னச் சக்கரமும் ஒரு சாய்வும் சுமந்துகொண்டு போகின்றன. நீ எழுதின விளக்கம் முழுசும் எனக்குத் தெரியும், மீன், வால், தண்ணீர் எல்லாம். தெரிந்தும் ஒன்றும் குறையவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் விரல் நுழைத்தால் என் சுண்டுவிரல் நுனியைப் பிடிக்க மட்டும் பலம் இருந்த கை அது. அது இப்போது இரண்டு பக்கமும் விரிந்து காற்றைப் பிடித்துக்கொண்டு போகிறது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வளைந்தாள், மறைந்துவிட்டாள். சக்கரத்தின் சத்தம் மட்டும் வந்தது, சிமென்டில் உரசுகிற ஒரு நீளமான சீறல், ஏறி இறங்கி. நான் ஓடவில்லை. எப்படி ஓடாமல் இருந்தேன் என்று கேட்காதே. தொட்டியின் மறுபக்கத்திலிருந்து முதலில் ஹெல்மெட் வந்தது, அப்புறம் அவள். என்னைத் தாண்டிப் போகும்போது என்னைப் பார்க்கவில்லை. எங்கே போகிறாளோ அங்கே பார்த்தாள்.

நின்றதும் சொன்னாள்: "அம்மா, நிறுத்தத்தான் தெரியலை. சுவத்துல முட்டித்தான் நின்னேன்." இரண்டு நாளில் அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தபால்காரர் மகள் படிக்கட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது. "குதிச்சு இறங்கணும். நான் சொல்லித் தரேன் வா," என்றாள். இவள் ஓடி ஒளியவில்லை, போனாள்.

நீ இனிமேல் எழுத மாட்டேன் என்றதை நான் எழுதுகிறேன். அன்று உன் கையை நான் பார்க்கவில்லை. உனக்கு ஒன்று இருந்தால் தெரியும் என்றேன். எனக்கு ஒன்று இருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அந்த வார்த்தையை அத்தனை பேர் முன்னால் சொன்னேன், மன்னிப்பை மட்டும் உறைக்குள் மூடி அனுப்புகிறேன். அது போதாது என்று தெரியும். நீ வரும்போது அதே பூங்காவில், அதே பெஞ்சுக் கூட்டத்துக்கு முன்னால் கேட்கிறேன். வருவாயா என்று கேட்க இப்போது எனக்கு வாய் இல்லை.

கடைசியாக ஒரு விஷயம், இதற்காகத்தான் இன்றே எழுதுகிறேன். இன்று காலையிலிருந்து பின்சக்கரம் இடது பக்கம் திரும்பும்போது மட்டும் கர்க் கர்க் என்கிறது. நேராகப் போனால் சத்தமில்லை. இரண்டு போல்ட்டும் இருக்கின்றன, விரிசல் ஒன்றும் தெரியவில்லை. தொடாமல்தான் பார்த்தேன். என்னை அறியாமல் என் கை ஒரு தடவை போனது, அவள் பலகையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நீ தொடக் கூடாது. அத்தைக்கு எழுது," என்றாள். நீ சொல்கிற வரை தானும் ஏறுவதில்லை என்று அவளே முடிவு செய்துவிட்டாள், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது பலகை அலமாரி மேல் தலைகீழாக இருக்கிறது. அதன் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள்: அத்தை சொல்லும் வரை ஓட்டக் கூடாது. அம்மா தொடக் கூடாது.

பேரிங்கா, மண் புகுந்ததா, எண்ணெய் விடலாமா, யார் விடுவது, எல்லாம் விவரமாக, ஒரு வரி விடாமல் எழுது. நீ எழுதினபடியே அவள் செய்வாள், நான் பக்கத்தில் நிற்பேன்.

சீக்கிரம் பதில் போடு.

அண்ணி